ருசி சொல்லும் நாக்கு

1960களின் இறுதியில் சான்பிரான்சிஸ்கோவில் காப்பிக்கொட்டை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார் எர்னா நட்சன். நார்வேயில் 1921இல் பிறந்து, சிறு பிள்ளையாக அமெரிக்காவுக்கு வந்தவர். வேலைக்குச் சேர்ந்தபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கடிதம் தட்டச்சு செய்வதும் இருப்புக் கணக்கு எழுதுவதும் அவர் வேலை. எந்த நாட்டுக் கொட்டை எத்தனை மூட்டை வந்தது, யாருக்குப் போனது என்பதெல்லாம் அவர் கைவழியாகத்தான் நடந்தது. ஆனால் எந்தக் கொட்டை நல்லது என்று முடிவு செய்த அறைக்குள் அவருக்கு இடமில்லை. அது ருசி பார்க்கும் அறை. ஆண்கள் கரண்டியும் கோப்பையுமாக உட்கார்ந்து, உறிஞ்சி, துப்பி, மதிப்பெண் போடும் அறை. நானும் கற்றுக்கொள்கிறேன் என்று எர்னா கேட்டபோது, ஒரு பெண் உள்ளே வந்தால் நாங்கள் வேலையை விட்டுப் போவோம் என்கிற அளவுக்கு எதிர்ப்பு வந்தது.

அவர் கற்றுக்கொண்டார். சிறு வறுவல்காரர்களுக்குச் சிறந்த கொட்டைகளைத் தேடிக் கொடுக்கும் வியாபாரியாக வளர்ந்தார். 1974இல் காப்பி, தேயிலைத் தொழில் இதழ் ஒன்றில் வந்த நேர்காணலில், ஒவ்வொரு மண்ணிலும் விளையும் தனித்தன்மை கொண்ட காப்பிக்கு ‘ஸ்பெஷாலிட்டி காப்பி’ என்று பெயர் சொன்னார். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் அந்தச் சொல் அவர் கொடுத்தது. 1985இல் அவர் அந்த நிறுவனத்தையே வாங்கித் தன் பெயரை வைத்தார்.

இதை ஒரு தனிப்பெண்ணின் வெற்றிக் கதையாக நான் சொல்லவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கதவுதான். வறுப்பது, பொடிப்பது, கலப்பது, ஊற்றுவது எல்லாம் பெண் செய்யலாம். இது நன்றாக இருக்கிறது, இது இல்லை என்று தீர்ப்புச் சொல்வது மட்டும் ஆணின் வேலை. இந்தக் கதவு சான்பிரான்சிஸ்கோவில் மட்டும் இருந்ததா?

தீர்ப்புக்குக் காத்திருந்தவள்

குறுந்தொகையின் 167ஆம் பாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடும்பம் நடத்தும் பெண், தயிர் பிசைந்த விரலை உடுத்திய துணியில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் நிறைய, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் இனிக்கிறது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் யாருக்கும் தெரியாமல் மலர்கிறது. மகள் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய் நற்றாயிடம் சொல்லும் செய்தி இது. அழகான பாட்டு, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “மேம், அவ சாப்பிட்டாளா?” பாட்டில் அதற்குப் பதில் இல்லை. குழம்பு எப்படி இருந்தது என்று அவள் நாக்குக்குத் தெரியுமா என்பதும் பாட்டில் இல்லை. அவன் சொன்னதுதான் ருசி.

பல தமிழ்க் குடும்பங்களில் இதற்கு ஒரு விதியே இருந்தது. எச்சில் விதி. சமைப்பவள் சமைக்கும்போது வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. சாமிக்கோ வீட்டு ஆணுக்கோ படைக்கும் முன் ருசி பார்த்தால் பண்டம் எச்சிலாகிவிடும். நாக்கைத் தடுத்ததால் பெண்கள் மூக்கையும் கண்ணையும் காதையும் கூர்மையாக்கிக்கொண்டார்கள். உப்புப் போதுமா என்பதைக் கொதிக்கும் வாசத்தில் சொல்வார்கள். கடுகு வெடிக்கும் சத்தத்தில் எண்ணெயின் சூட்டைச் சொல்வார்கள். டிக்காஷன் இறங்கிய பதத்தை, டம்ளரைச் சாய்த்து, ஓரத்தில் அது வழிந்து இறங்கும் வேகத்தில் சொல்வார்கள். இது அறிவு. தேர்ந்த அறிவு. ஆனால் அதற்குக் கைப்பக்குவம் என்று பெயர் வைத்தோம். கையின் கணக்கில் எழுதினோமே தவிர, நாக்கின் கணக்கிலோ மூளையின் கணக்கிலோ எழுதவில்லை.

காப்பிக்கு இன்னொரு விதியும் இருந்தது. முதல் டிக்காஷன் ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும். அதே பொடியின் மேல் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிக்காஷன் பெண்களுக்கும், வீட்டில் வேலை செய்பவர்களுக்கும். எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத இந்தப் பங்கீட்டைப் பற்றிக் கேட்டால், நம் வீடுகளில் அறுபதைத் தாண்டிய பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எத்தியோப்பியாவிலும் ஒரே பொடியை மூன்று முறை காய்ச்சுகிறார்கள். வீட்டுப் பெண் விருந்தினர் கண்ணெதிரே பச்சைக் கொட்டையைக் கழுவி, தட்டையான சட்டியில் வறுத்து, புகையை ஒவ்வொருவர் முகத்தருகிலும் கொண்டுவந்து காட்டி, இடித்துக் காய்ச்சுகிறாள். முதல் சுற்று அபோல், இரண்டாவது டோனா, மூன்றாவது பராகா. சுற்றுக்குச் சுற்று காப்பி இளைத்துக்கொண்டே போகும். ஆனால் கூடியிருப்பவர்கள் அந்த இளைப்பைச் சேர்ந்தே குடிக்கிறார்கள். அங்கும் உழைப்பு பெண்ணுடையதுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. வேறுபாடு, இரண்டாவது தண்ணீர் யாருக்கு என்பதில் இருக்கிறது.

மலையிலிருந்து தொடங்கும் ருசி

ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரை, காப்பி எப்படித் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமானது என்பதைச் சொல்கிறது. காப்பி நம் பழமையல்ல. பாபா புதன் யேமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது 17ஆம் நூற்றாண்டைப் பற்றிய மரபுக்கதை. பெருந்தோட்டங்கள் வந்தது 19ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயரால். குடகு, வயநாடு, நீலகிரி, சேர்வராயன், பழனி மலை என்று காடுகள் அழிந்து காப்பித் தோட்டங்கள் ஆயின.

தமிழர்கள் காப்பியைக் குடிப்பதற்கு முன்பே காப்பிக்காகச் செத்தார்கள். 1830களிலிருந்து இலங்கை மலைகளில் காப்பி பயிரானபோது தென் தமிழ்நாட்டிலிருந்து கூலிகள் கடல் தாண்டி, மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே போனார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். காப்பி பருவப் பயிர். பறிப்பு முடிந்தால் ஊர் திரும்பலாம் என்பதால் போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1869இல் இலைத்துரு நோய் இலங்கையில் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும், விரல்கள் வேண்டும். பெண்களும் குடும்பங்களும் லயங்களில் நிரந்தரமாகக் குடியேற்றப்பட்டது அதன் பிறகுதான். ஒரு பூஞ்சை நோய் எத்தனை ஆயிரம் பெண்களின் வாழ்க்கையை மாற்றியது என்று காப்பி வரலாறுகள் நின்று கணக்குப் பார்ப்பதில்லை.

என் அப்பத்தா கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தோட்டத்தில் இருபது வருடம் பழம் பறித்தவர். நவம்பரில் மலையேறினால் பொங்கல் கழிந்துதான் இறங்குவார். மலைவாழையும் மிளகுக் கொடியும் நிழல்மரங்களும் காப்பியும் கலந்து கிடக்கும் மலை அது. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, கிளையை வளைத்து, சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். பழுத்ததைப் பிதுக்கினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வரும், தோலைச் சப்பினால் தித்திக்கும் என்பார். ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்பு எல்லாம் இருக்கும். கூலியோ எடைக்கு. பச்சையும் எடை நிற்கும். எடைக்காகப் பச்சையை உருவிப் போட்டால் திட்டு விழும். சிவப்பை மட்டும் தேடினால் கூலி குறையும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு கோப்பைக் காப்பியின் ருசி தீர்மானமாகிறது. பழுக்காத காயிலிருந்து வந்த கொட்டை வறுத்தாலும் சரியாகச் சிவக்காது, வெளிறிக் கிடக்கும். காப்பியில் காய்ந்த வேர்க்கடலைத் தோலைப் போல, காகிதத்தைப் போல ஒரு சப்பென்ற ருசியைக் கொடுக்கும். மேல்நாட்டு ருசிஞர்கள் அதை ஒரு குறையாக எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் குறைக்குப் பின்னால் எடைக்கூலி இருப்பதை எழுதவில்லை.

பறித்த பிறகும் பெண்களின் கைதான். கோயம்புத்தூர், மங்களூர், தலச்சேரி போன்ற ஊர்களில் காப்பிக்கொட்டையைத் தோல் நீக்கித் தரம் பிரிக்கும் ஆலைகள் வந்தன. அங்கே வரிசையாக உட்கார்ந்து கருப்புக் கொட்டை, உடைந்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தவர்கள் பெண்கள். மெக்ஸிகோவின் வெராகுருஸ் மாநிலத்தில் கோர்தோபா நகரத்துக் கொட்டை பொறுக்கும் பெண்கள் புரட்சிக் காலத்திலேயே தங்களுக்கென்று சங்கம் கட்டினார்கள். இன்று பல ஆலைகளில் நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

அப்பத்தா தோட்டத்தில் பறித்த காப்பியைக் குடித்ததில்லை. மலையில் அவர்களுக்குக் கிடைத்தது கருப்பட்டி போட்ட வரக்காப்பி. பொடி எங்கிருந்தோ வந்த மட்டமான பொடி. நல்ல கொட்டை கப்பலேறியது.

உள்நாட்டில் குடித்தவர்களுக்கும் தங்கள் காப்பி எந்த மலையில் விளைந்தது என்று தெரியாது. அதற்குக் காரணம் உண்டு. 1942ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டப்படி விவசாயிகள் தங்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். வாரியம் தரம் பிரித்து ஏலம் விடும். போர்க்காலத்தில் விலை விழாமல் காத்த ஏற்பாடு அது. சிறு விவசாயிகளுக்கு உதவியும் இருந்தது. ஆனால் தாண்டிக்குடியும் ஏற்காடும் குடகும் ஒரே தொகுப்புக்குள் கரைந்தன. 1990களில் படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் அந்த ஏற்பாடு முழுவதும் முடிவுக்கு வந்தது. ஒரு மலையின் காப்பியையும் இன்னொரு மலையின் காப்பியையும் தனித்தனியாக வாங்கி, வீட்டில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நம்மைப் போன்றவர்களுக்குச் சாத்தியமானது அதற்குப் பிறகுதான்.

அந்தத் தொகுப்புக் காலத்திலேயே ஒரு பெண் ருசி பார்க்கும் மேசைக்கு வந்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். சுனாலினி மேனன் 1972இல் காப்பி வாரியத்தில் சேர்ந்து, பின்னர் தரக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தலைமை தாங்கினார். ஆசியாவின் முதல் பெண் காப்பி ருசிஞர் என்று அழைக்கப்படுபவர். பெங்களூரில் சொந்தமாகக் காப்பி ஆய்வகம் தொடங்கினார். எர்னா நட்சன் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் நம் பக்கத்து ஊரில் ஒரு கதவு திறந்திருக்கிறது. நம் பாடநூல்களில் இவருக்கு ஒரு பத்தி கிடைத்தால் நன்றாக இருக்கும்.

வடிகட்டியும் டம்ளரும்

1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ஸ் என்ற இல்லத்தரசி, காப்பியில் மண்டி தங்குவது பிடிக்காமல், பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளைகள் போட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்த ஒற்றுத்தாளை அதில் வைத்து வடித்தார். அந்த ஆண்டே காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்து தொழிலும் தொடங்கினார். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் காகித வடிகட்டி அங்கிருந்து வந்தது. காகிதம் மண்டியையும் எண்ணெய்ப் பசையையும் பிடித்துக்கொள்ளும். காப்பி தெளிவாக, மெலிதாக இறங்கும். நம் பித்தளை, எவர்சில்வர் பில்டரின் துளை இரண்டையும் ஓரளவு விட்டுவிடும். ஆகவே கெட்டியான, பாலைத் தாங்கும் டிக்காஷன் கிடைக்கும். ஒரே பொடியை இரண்டிலும் இறக்கிக் குடித்துப் பாருங்கள். இரண்டு வேறு காப்பி என்று சத்தியம் செய்வீர்கள்.

டம்ளருக்கும் வரலாறு உண்டு, அது இனிமையானதல்ல. நம் டம்ளரின் வெளிப்பக்கம் மடிந்த விளிம்பு, உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்க வசதியானது. எச்சில் பயம் அந்தப் பழக்கத்தில் குடியிருக்கிறது. அதே பயம் சாதியாகக் கடைக்கு வந்தபோது தனி இருக்கை ஆனது, இரட்டைக் குவளை ஆனது. ‘பிராமணாள்’ என்று பெயர்ப்பலகை வைத்த காப்பிக் கிளப்புகளுக்கு எதிராகச் சுயமரியாதை இயக்கம் போராடியது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் பெரியார் நடத்திய மறியல் அதில் புகழ்பெற்றது. சிற்றூர் டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் நீண்ட காலம் இருந்தது. பெண்ணின் நாக்கைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. சமையலறையில் எச்சில் விதியால் வாயடைக்கப்பட்ட உயர்சாதிப் பெண்ணும், அந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் தனி டம்ளரில் காப்பி வாங்கிய பெண்ணும் ஒரே விதியின் இரண்டு முனைகளில் நின்றார்கள். ஆனால் இரண்டும் ஒரே துயரமல்ல. முதலாமவள்தான் இரண்டாமவளுக்கு ஊற்றினாள், கை படாமல் உயர்த்தி.

மூன்று கண்ணாடி டம்ளர்கள்

ஆறு வருடங்களாக எங்கள் வீட்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி ருசி பார்க்கிறோம். நான், என் அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, வர விருப்பமுள்ள மாணவிகள். செலவு அதிகமில்லை. சின்ன மின்தராசு ஒன்று, ஒரே அளவுள்ள கண்ணாடி டம்ளர்கள், கரண்டிகள், தண்ணீர்.

தொழில்முறை ருசிஞர்களின் முறையைத்தான் வீட்டுக்குத் தகுந்தாற்போல வைத்திருக்கிறோம். 150 மில்லி தண்ணீருக்கு எட்டேகால் கிராம் பொடி. பொடி சற்றுக் கொரகொரப்பாக இருக்க வேண்டும். உலர்ந்த பொடியை முதலில் முகர வேண்டும். கொதித்து இறக்கி ஒரு நிமிடம் போல ஆறிய தண்ணீரை, சுமார் 93 டிகிரி, பொடியின் மேல் நேராக ஊற்ற வேண்டும். நான்கு நிமிடம் தொடக் கூடாது. மேலே பொடி ஆடை போலக் கட்டும். பிறகு மூக்கை டம்ளருக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கரண்டியால் அந்த ஆடையை உடைக்க வேண்டும். காப்பியின் மணம் முழுதாக வெளிப்படும் கணம் அதுதான். மிதப்பதை வழித்துப் போட்டுவிட்டு, சூடு தணியக் காத்திருந்து, கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். காற்றோடு சேர்ந்து உறிஞ்சினால்தான் காப்பி நாக்கு முழுக்கப் பரவி, மணம் மூக்கின் பின்வாசலுக்கு ஏறும். கரண்டிகளை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்கிறோம். பாலும் சர்க்கரையும் அப்போது கிடையாது.

இந்த உறிஞ்சல்தான் எங்கள் பெண்களுக்குப் பெரிய தடை. “மேம், இப்படி உறிஞ்சினா எங்கம்மா தொடப்பக்கட்டைய எடுப்பாங்க” என்றாள் ஒருத்தி. பெண் பிள்ளை சத்தம் போட்டுச் சாப்பிடக் கூடாது, உறிஞ்சக் கூடாது, நாக்கைச் சப்புக் கொட்டக் கூடாது. சப்புக் கொட்டுபவளுக்கு ‘நாக்கு நீளம்’ என்று பெயர். அந்தச் சொல் எதிர்த்துப் பேசுபவளுக்கும் பொருந்தும். முதல் ஞாயிறு பாதி நேரம் சிரிப்பிலேயே போகும். இரண்டாவது மாதம் யாரும் சிரிப்பதில்லை.

ஒப்பிடாமல் ருசி தெரியாது. ஒரு காப்பியைத் தனியாகக் குடித்தால் ‘நல்லாருக்கு’ என்பதைத் தாண்டி வாய் வராது. இரண்டைப் பக்கத்தில் வைத்தவுடன் பேச்சு வந்துவிடும். தொடங்குபவர்கள் மூன்று விதமான ஒப்பீடுகளைச் செய்யலாம். முதலாவது, அராபிகாவும் ரோபஸ்டாவும். ரோபஸ்டாவில் காஃபீன் ஏறத்தாழ இரு மடங்கு; கசப்பும் கனமும் கூடுதல். அராபிகாவில் புளிப்பும் மணமும் தூக்கலாக இருக்கும். இரண்டாவது, சிக்கரி கலந்ததும் கலக்காததும். நம் நாட்டுச் சட்டப்படி காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அதாவது மீதி முழுக்கச் சிக்கரியாக இருக்கலாம். ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் பொடியைத் தூவினால் காப்பி மிதக்கும். சிக்கரி நிறத்தைக் கோடு கோடாக விட்டுக்கொண்டே மூழ்கும். மூன்றாவது, சாதாரணக் கழுவிய அராபிகாவும் மான்சூன்டு மலபாரும். பாய்மரக் கப்பல் காலத்தில் கொட்டைகள் மாதக்கணக்கில் கடல் ஈரத்தைக் குடித்து, வெளுத்து, ஊதி, புளிப்பு மங்கி ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து பயணம் குறுகியதும், பழைய ருசியைக் காணோமே என்று அங்கே தேடினார்கள். அதற்காக மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, தென்மேற்குப் பருவக்காற்றை வேண்டுமென்றே வாங்கவைக்கும் முறை வந்தது. இந்த இரண்டையும் அருகருகே குடித்தால், புளிப்பு என்பது இருப்பதும் இல்லாமலிருப்பதும் எப்படி என்று நாக்குக்கு ஒரே நாளில் பிடிபடும்.

பிறகு மறைத்துவைத்துப் பார்ப்பது. மூன்று டம்ளர், இரண்டில் ஒரே காப்பி, ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். டம்ளரின் அடியில் குறி ஒட்டியிருக்கும். இதில் விலையும் பெயரும் படிப்பும் வயதும் உதவாது. எங்கள் வீட்டில் இதில் அதிகம் தப்பாதவர் என் அம்மா. எழுபத்திரண்டு வயது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். முதல் முறை, “என்னத்தா இது, மருந்துக்கடை மாதிரி தராசும் கையுமா” என்று அலுத்துக்கொண்டே உட்கார்ந்தார். மூன்றையும் முகர்ந்தார். நாக்கில் வைக்கும் முன்பே நடு டம்ளரைத் தள்ளிவைத்தார். “இது மக்குன பொடி. திறந்து பத்து நாளு இருக்கும்.” பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஐம்பது வருடமாகத் தினமும் நான்கு வேளை காப்பி போட்டவரிடம், இது எப்படி இருக்கிறது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. எப்படி இருக்கிறது என்பது அவருக்குச் சொல்லப்பட்டது மட்டும்தான்.

எந்தச் சொல்லால் சொல்வது?

1995இல் அமெரிக்கக் காப்பித் தொழிலினர் ஒரு ருசிச் சக்கரத்தை உருவாக்கினார்கள். 2016இல் அது திருத்தி எழுதப்பட்டது. அதற்கு அடிப்படை, கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்தின் துணையோடு உருவான, 110 பண்புகளைக் கொண்ட ஒரு சொற்பட்டியல். ஒவ்வொரு சொல்லுக்கும் முகர்ந்து பார்க்க ஒரு மாதிரிப் பொருள் சொல்லியிருப்பார்கள். கவனமான வேலை, மதிக்கிறேன். ஆனால் அந்த மாதிரிகளில் பல, அமெரிக்கப் பல்பொருள் அங்காடியில் டப்பாவில் கிடைப்பவை. புளூபெர்ரியை வாழ்நாளில் தின்றிராத தாண்டிக்குடிப் பெண், தான் பறித்த காப்பியில் புளூபெர்ரி இருப்பதாக எப்படி அறிவாள்?

தமிழ் படித்தவளாக எனக்கு இங்கே ஒரு வேலை இருப்பதாகத் தோன்றியது. நம்மிடம் அறுசுவை இருக்கிறது. அதில் துவர்ப்பு தனிச் சுவையாக, எல்லோர் வாயிலும் புழங்கும் சொல்லாக இருக்கிறது. இந்தச் சொல்லோடு வளர்ந்த நம் பெண்களுக்கு, காப்பி நாக்கை இழுத்துப் பிடிப்பதைச் சொல்லத் தயக்கமே இல்லை. வாழைப்பூத் துவர்ப்பா, இளம் நாவல்பழத் துவர்ப்பா என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். கெட்ட மணங்களுக்கோ நம் சமையலறை ஓர் அகராதி. மக்கல், காறல், சிக்கு, கருகல், காந்தல், அடிப்பிடித்த வாடை, ஊசல், பச்சை வாடை, நனைந்த சாக்கு வாடை. இவற்றில் ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு எந்தப் பெண்ணுக்கும் விளக்கத் தேவையில்லாதது. பொருள் கெடாமல் குடும்பத்தைக் காக்க வேண்டியவள் உருவாக்கிய சொற்கள் இவை.

சிக்கல் வருவது புளிப்பில். காப்பி ‘புளிக்கிறது’ என்றால் நமக்குக் கெட்டுப்போனது என்று பொருள். பால் திரிந்த நினைப்பு வருகிறது. ஆனால் மலை உயரத்தில் மெதுவாகப் பழுத்த அராபிகாவின் சிறப்பே அதன் புளிப்பு. ஆகவே நாங்கள் புளிப்பைப் பிரித்தோம். நாரத்தைப் புளிப்பு, பச்சை மாங்காய்ப் புளிப்பு, பழம்புளிப் புளிப்பு, நெல்லிக்காய்ப் புளிப்பு, திரிந்த பால் புளிப்பு. கடைசி ஒன்றுதான் குறை. நெல்லிக்காய் என்று ஒருத்தி எழுதினால், குடித்து முடித்த பின் வாய் தித்தித்தது என்பதும் அதில் அடங்கிவிடும். இனிப்பில் கருப்பட்டிப் பாகு, முற்றிய கரும்பு, பேரீச்சம்பழம். வறுவலில் வறுத்த உளுந்து, வறுத்த கொத்தமல்லி, கடலை. எங்கள் நோட்டில் இப்போது அறுபதுக்கும் மேல் சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் பாதி அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சொன்னவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே சொன்னவர் பெயர், தேதி, எந்த மலைக் காப்பி என்பதை எழுதுகிறோம். கைப்பக்குவம் என்று பெயரில்லாமல் கரைந்துபோன அறிவைப் பெயரோடு எழுதிவைக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

பால் ஊற்றாத காப்பியே காப்பி என்று சொல்லும் புதிய நாகரிகம் ஒன்று நகரங்களில் வளர்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. பாலில்லாமல் குடிப்பது ஒப்பிடுவதற்கான வழி, உயர்வுக்கான சான்றல்ல. ஞாயிறு அமர்வு முடிந்ததும், அன்று பிடித்த காப்பியில் டிக்காஷன் இறக்கி, பால் காய்ச்சி, டபராவில் ஆற்றி எல்லோரும் குடிக்கிறோம். அதிலும் ஒப்பீடு நடக்கும். தனியாகக் குடித்தபோது மணந்த காப்பி பாலில் காணாமல் போகும்; தனியாக முரட்டுத்தனமாக இருந்தது பாலில் நிமிர்ந்து நிற்கும். இருபது விழுக்காடு சிக்கரி போட்டது சில நாள் முதலிடம் பெறும். எல்லோருக்கும் முதல் டிக்காஷன் என்பது மட்டும் விதி.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவிகளிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை கடையில் பொடி அரைக்கும்போது, எந்த மலைக் கொட்டை, எப்போது வறுத்தது என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் கேளுங்கள்; கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் பறித்தவர் வரைக்கும் போகும் கேள்விகளுக்கு இடம் உண்டாகும். வறுத்த கொட்டையாகக் கொஞ்சம் வாங்கி, முறத்தில் பரப்பி, வெளிறியவற்றைப் பொறுக்குங்கள். எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். பிறகு உங்கள் வீட்டில் காப்பி போடுபவரை உட்காரவைத்து, நீங்கள் ஊற்றிக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் ‘நல்லாருக்கு’ என்று சொல்லி எழுந்துபோகப் பார்ப்பார். இரண்டாவது டம்ளரை எடுத்து முன்னால் வையுங்கள். எது நல்லாருக்கு என்று கேளுங்கள். பக்கத்தில் பேனா இருக்கட்டும்.